பன்னிரண்டு நாள் சுற்றுலா

...மறுபடியும் பிசுக்கு, இப்போதுதானே துடைத்தாள், ரேகை எடுக்கிற அந்தச் சின்னக் கண்ணாடியை, ஈரத் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, அதற்குள் ஒருவன் வந்து நாலு விரலையும் அப்பிவிட்டுப் போயிருக்கிறான், தலை சொறிந்த விரலோ, மூக்குத் துடைத்த விரலோ, ஏழு மணி நேரம் விமானத்தில் குந்தி வந்தவன் கை எங்கெங்கே போய் வந்திருக்குமோ, நினைக்கக் கூடாது, நினைத்தால் மத்தியானச் சோறு இறங்காது... பதினாறு வருடமாக நினைக்காமலா இருக்கிறாள்? கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு மேலதிகாரி வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார், அந்த ஆளுக்குப் பெயரே கொட்டாவிதான், "பயணிங்க மனசு புண்படும்மா, நம்ம நாட்டுக்கு விருந்தாளியா வர்றாங்க." விருந்தாளி! விருந்தாளியை எந்த வீட்டில் ஜன்னலில்லாத அறையில், தரையோடு திருகி வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய், எப்போது கிளம்புவாய் என்று கேட்கிறார்கள்? அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம், ஒரு குடும்பமே கடற்கரைக் குடைக்கடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நல்வரவு என்று கீழே எழுத்து, வருகிறவர்கள் எல்லோரும் அவள் முகத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். குடியேற்றச் சோதனையின் முன் கவுண்டரில் சந்தேகம் வந்தவர்களைத்தான் மஞ்சள் சீட்டுக் கொடுத்து இந்த உள் அறைக்கு அனுப்புவது. அவளைத் தாண்டி ஒன்றும் போகாது என்று அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர், நேரில் சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் விழும், விழட்டும் என்றே இருந்துவிட்டாள். சல்லடைக்கு என்ன மரியாதை? நல்லதெல்லாம் கீழே போய்விடும், உமியும் கல்லும் அதன் மடியில்.

விசா வேண்டாம் என்பதால்தான் இத்தனை கூத்து. விசா உள்ளவன் ஊரிலேயே வரிசையில் நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, வடிகட்டி வருகிறான், இவர்களோ குறுகிய நாள் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை என்று எங்கோ படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், கேள்வியும் தேவையில்லை என்று நினைப்பு. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்காவது உயிரோடு இருக்க வேண்டும், திரும்பிப் போக டிக்கெட் வேண்டும், தங்க இடம் வேண்டும், தங்கும் நாளுக்குக் கையில் காசு வேண்டும், கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் படிவம் நிரப்பியிருக்க வேண்டும், இத்தனையும் இருந்தாலும் விடுவதா வேண்டாமா என்பது உட்கார்ந்திருப்பவள் இஷ்டம். அந்தக் கடைசி வரிதான்... அவளுடைய இஷ்டம். வீட்டில் ஒரு திரைச்சீலையின் நிறம்கூட அவள் இஷ்டத்துக்கு இல்லை, இங்கே ஒரு முழு நாட்டின் கதவு. இன்று காலை முதலில் வந்தவனுக்கு எல்லாம் இருந்தது, பிளாஸ்டிக் கோப்பு, அதில் தாள்கள் வரிசையாக, வரிசை எண்கூடப் போட்டிருந்தான். "என்ன வேலையா வந்தீங்க?" "சுத்திப் பாக்கங்க." "எதையெல்லாம் பாப்பீங்க?" "கடற்கரை, பூங்கா, அருங்காட்சியகம்", பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடுகிற இடம்கூட அப்படியே, எல்லா முகவர்களும் ஒரே பாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்குமிடம் ரயிலடிக்கு எதிரே உள்ள அந்த விடுதி. அந்த விடுதி என்றாலே தெரியும், ஒரு மணி நேரத்தில் ரத்து செய்துகொள்ளலாம், பணம் பிடிக்க மாட்டார்கள், ஒரே ராத்திரியில் இருநூறு பேர் அங்கே தங்குவதாகத் தாளில் இருக்கிறது, இருப்பதோ பதினெட்டு அறை. அவன் முன்கை இரண்டிலும் சூட்டுத் தழும்பு, கோடு கோடாக, பழையதும் புதியதும், அடுப்புக்குள் தட்டைத் தள்ளித் தள்ளி வாங்கினது, ரொட்டி போடுகிறவன் கை. எந்தச் சமையலறையில் எத்தனை மணிக்கு வேலைக்குச் சேரப் போகிறான் என்று அவன் நெற்றியில் எழுதி ஒட்டாததுதான் பாக்கி. ஆனால் தாள் சரியாக இருந்தது. தாள் சரியாக இருந்தால் முத்திரை. குத்தினாள். அவன் எழுந்து, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று குனிந்தான், அந்தக் குனிவும் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும், குமட்டிக்கொண்டு வந்தது, அவனைப் பார்த்தா, அவன் பொய்யைப் பார்த்தா, இல்லை அது பொய் என்று தெரிந்தே கை தானாகப் போய்க் குத்தியதைப் பார்த்தா...

காலையிலிருந்தே குமட்டல்தான், நகத்தோடு தொடங்கிய நாள். மாமியாருக்குக் கால் நகம் வெட்டுவது அவள் வேலை, இரண்டு வருடமாகப் படுக்கை, நகமோ மஞ்சளாய், தடியாய், வெந்நீரில் அரை மணி ஊறவைத்தாலும் இளகாது, சாதாரண நகவெட்டியில் சிக்காது, கம்பி வெட்டுகிற குறடு மாதிரி ஒன்றைக் கணவர் வாங்கிக் கொண்டுவந்து, வாங்கித் தந்ததோடு தன் கடமை முடிந்தது என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார். இன்று கட்டைவிரலில் அழுத்தி வெட்டும்போது ஒரு துண்டு டிக்கென்று தெறித்து அவள் உதட்டில் ஒட்டியது. உதட்டில்! மூன்று தடவை வாய் கொப்பளித்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், இன்னும் அந்த இடம் இருக்கிற மாதிரியே இருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. கிழவி சிரித்தாள், "அம்மா, கூசுதும்மா" என்றாள். இப்போதெல்லாம் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், யார் மருமகள், யார் பெற்றவள் என்பதெல்லாம் கரைந்து போய்விட்டது, கரைந்து போனதில் அதுவும் சேர்ந்து போய்விட்டது, அன்று அவள் சொன்ன அந்த வார்த்தை. கல்யாணமான முதல் வருடம், ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தார் நாலு பேர் இருக்க, மாமியார் சொன்னாள், "வயித்துல தங்காதது வீட்டுல எங்க தங்கப்போவுது?" சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறதே என்பது மாதிரி. கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அவள் எழுந்து போய், வந்தவர்கள் குடித்து வைத்த தம்ளர்களைக் கழுவினாள். பதினாலு வருடம்... சொன்னவளுக்கு மறந்துவிட்டது, இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது, மறந்து போனவளிடம் என்ன மன்னிப்பை வாங்குவது, வாங்கினாலும் அது செல்லுமா? நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறாள், வாரம் தவறாமல்.

அடுத்த மஞ்சள் சீட்டு, ஒரு பெண், அறுபது இருக்கும், தனியாக. கையில் கோப்பு இல்லை, துணிப்பை ஒன்று, அதற்கு வாய் வைத்துத் தைத்திருந்த நேர்த்தி சட்டென்று கண்ணில் பட்டது. தொழில்: தையல். விரலை வைக்கச் சொன்னால் கண்ணாடி எடுக்கவில்லை, சிவப்பு விளக்கு, மறுபடி சிவப்பு, ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் ரேகை அழிந்து காய்ப்பு ஏறியிருந்தது. வேறு வழியில்லை, அவளே அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் அழுத்த வேண்டியிருந்தது, வறண்ட, சொரசொரத்த கை, வாசனையில்லாத கை, ஆச்சரியம், குமட்டவில்லை. அந்த அம்மாளோ அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க சட்ட தோள்பட்டைத் தையல் ஒரு விரல் கீழ இறங்கியிருக்கு, ஆம்பள அளவுக்கு வெட்டினத உங்களுக்குக் குடுத்துட்டாங்க." பதினாறு வருடமாகத் தோள் இழுக்கிறது, கழுத்து வலிக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்கிறாள், இதுதானா காரணம்? "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க", என்றாள் சல்லடை. பாஸ்போர்ட் எட்டு மாதம் செல்லும், சரி, பன்னிரண்டாம் நாள் திரும்பும் டிக்கெட், சரி, கைக்காசு, சரி. தங்கும் முகவரி என்கிற கட்டம் மட்டும் காலி. பயண நோக்கம் என்கிற கட்டத்தில் சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், வியாபாரம், இடைத்தங்கல் என்று நாலு இருந்தது, நாலிலும் குறி இல்லை. முன் கவுண்டர்க்காரன் அதைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறான்.

"எங்க தங்கப்போறீங்க?" "மகன் இங்க இருக்கான். வீடு எதுன்னு தெரியாது." "மகன் வீடு தெரியாதா?" "மூணு வருஷமா பேசறதில்லீங்க. நான் வர்றது அவனுக்குத் தெரியாது." "அப்ப எதுக்கு வந்தீங்க?" அந்த அம்மாள் துணிப்பையின் வாயை இழுத்து மூடினாள், "மன்னிப்புக் கேக்க." அவளுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது, பதினாறு வருடத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் சொல்லாத பதில், கணினியில் அதற்கு ஒரு எண் கிடையாது. "யார்கிட்ட?" "மருமககிட்ட. வாய்க்கு வந்தத பேசிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளாகவே தொடர்ந்தாள், "டிக்கெட் போட்டுக் குடுத்த தம்பி சொல்லிச்சுங்க, சுற்றுலான்னு போடுங்கம்மா, ஒரு ஹோட்டல் பேர எழுதித் தர்றேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு. நான்தான் வேணாம்னுட்டேன், உறவுன்னு போடவும் மனசு வரல. பொய் சொல்லி உள்ள வந்து மன்னிப்பு கேட்டா அது எடுபடுமாங்க?" எடுபடுமா! ரொட்டிக்காரன் பொய்யைக் கோப்பில் வைத்துக் கொண்டுவந்தான், போய்விட்டான், இந்நேரம் பேருந்தில் ஏறியிருப்பான், இந்த அம்மாள் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், உண்மைக்குத்தான் இந்த நாட்டில் நுழைவுத் தகுதி இல்லை... ஆனால் அதற்காக இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. மருமகளிடம் வாய்க்கு வந்ததைப் பேசியவள். இந்த வர்க்கத்தை அவளுக்குத் தெரியும். பேசுகிற வாய்க்கு ஒரு நிமிடம், கேட்டவளுக்கு ஆயுசு, பிறகு ஒரு நாள் விமானம் ஏறி வந்து நிற்பார்கள், கண்ணைக் கசக்குவார்கள், ஊரே, பாவம் வயசானவங்க என்று சொல்லும்.

உறவினர் என்றால் அந்த உறவினர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் முறை, மகனுடைய எண்ணைக் கேட்டாள். "நம்பர் இருக்குங்க, அவன் கூட்டாளி குடுத்தது. என் போன்னா எடுக்க மாட்டான்." மேசைத் தொலைபேசியில் அவளே அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தான். இன்ன அலுவலகம், இன்ன அறை என்று சொன்னாள், உங்க அம்மான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. எதிர்முனையில் யாரோ பாத்திரத்தை அலசுகிற சத்தம், பிறகு கரகரத்த குரல், "எனக்கு அம்மான்னு யாரும் இல்லங்க." "உங்க வீட்ல தங்க..." "ஏத்துக்க ஆள் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவீங்கல்ல? அனுப்பிடுங்க." சரி, வேலை முடிந்தது என்று அவள் வைக்கப் போனாள், அப்போது, "தனியாவா வந்திருக்காங்க?" "ஆமா." துண்டித்துவிட்டான். அந்த அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். என்ன கேட்டிருக்கும் அவளுக்கு? வார்த்தை கேட்டிருக்குமா, வெறும் ஒலிதானா? "லைன் சரியில்லை", என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள், மறுத்துவிட்டார் என்று சொல்வதுதானே முறை, அதைச் சொல்வதற்குத்தானே சம்பளம்? "குரல் கேட்டுச்சே", என்றாள் அந்த அம்மாள், "கரகரன்னு இருந்துச்சே... சளி புடிச்சிருக்காம்மா அவனுக்கு?"

இழுப்பறையைத் திறந்து அனுமதி மறுப்புப் படிவத்தை எடுத்தாள், மூன்று நகல், நாலு மணிக்குத் திரும்பும் விமானம் இருக்கிறது, அதில் ஏற்றிவிடலாம், காரணம்: தங்குமிடம் இல்லை, நோக்கம் உறுதிப்படவில்லை. எழுதிக்கொண்டே போனவள், தன் கையெழுத்தைப் பார்த்து நின்றாள். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்! சுழிகள் முழுசாக, வரி சாயாமல், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின கையெழுத்து, மற்ற படிவங்களில் கிறுக்கித்தானே தள்ளுவாள், இதில் மட்டும் ஏன்? ருசித்து எழுதியிருக்கிறாள். ஒரு கிழவியை, கதவு வரைக்கும் வந்துவிட்டவளை, கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதில் இத்தனை ருசி. யாரை அனுப்புகிறாள் அவள், யாருடைய கட்டைவிரலை வெட்டுகிறாள்? தன்மேலேயே ஒரு வாடை அடிப்பதுபோல் இருந்தது, உதட்டில் அந்த இடத்தை மறுபடியும் துடைத்தாள். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை. வைக்காமல், எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள், "மருமகள என்ன சொன்னீங்க?" "அத எதுக்கும்மா..." "சொல்லுங்க. எழுதணும்." எழுத வேண்டியதில்லை. பச்சைப் பொய். அந்த அம்மாளுக்கு அது தெரியாது, சீருடை கேட்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஒரு தையற்காரியின் வாயைத் திறக்கவைக்கிறாள், வெட்கமாக இல்லையா? இல்லை, கேட்க வேண்டும், அந்த வார்த்தையைச் சொன்ன வாயாலேயே கேட்க வேண்டும், தன் வீட்டில்தான் அது முடியாமல் போயிற்றே.

"அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆகி அத்துப்போச்சுங்க," என்றாள் அந்த அம்மாள், துணிப்பையைப் பார்த்துக்கொண்டு, "இவன் கட்டினா அதத்தான் கட்டுவேன்னு நின்னான். பதிவு பண்ணிட்டு ஆபீஸ் படியில இறங்கி வர்றாங்க, எல்லாரும் நிக்கிறாங்க, நான் போனேன். ஒருத்தன் தின்னுட்டுப் போட்ட எச்சித் தட்ட என் மகன் நக்குறான்னு சொன்னேன். சத்தமா சொன்னேன்." "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" "ஒண்ணும் பண்ணல. புடவத் தலைப்பு நழுவியிருந்துச்சு, அத சரி பண்ணிக்கிச்சு. சரி பண்ணிட்டு, வாங்க போலாம்னு இவன் கையப் புடிச்சுது. அவ்வளவுதான்." அவ்வளவுதான்... தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டாள், இன்னொருத்தி தம்ளர் கழுவினாள், எல்லாம் ஒரே வேலைதான், கைக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பது. "இப்ப போய் என்ன சொல்வீங்க?" "அத இன்னும் முடிவு பண்ணலீங்க. நான் சொன்னது தப்புன்னு சொன்னா அது எனக்காகச் சொல்றது. அது போதாது." அந்த அம்மாள் முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள், ஒருவேளை அவளைப் பார்க்கவில்லை, அவள் இடத்தில் மருமகளை வைத்துப் பார்த்தாளோ என்னவோ, மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறவர்கள் எதிரில் இருப்பவரை அப்படித்தான் பார்ப்பார்கள், "நான் சொன்னது இன்னும் உன் காதுல கேட்டுக்கிட்டிருக்காம்மான்னு கேக்கணும்." கேக்குது, என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேக்குது, பாத்திரம் தேய்க்கும்போது கேக்குது, பேருந்தில் கேக்குது, எவளாவது வயிற்றைத் தள்ளிக்கொண்டு இந்த அறைக்குள் வந்தால் கேக்குது, கணவர் ஒலியைக் கூட்டும்போதெல்லாம் அந்த ஒலிக்கு அடியில் கேக்குது... தொண்டையில் ஏதோ இளகி இறங்கியது. அடுத்தவளுக்குச் சேர வேண்டிய மன்னிப்பு, வழியில் நிறுத்தி, பையைப் பிரித்து, அதில் ஒரு வாய் தான் தின்றுவிட்டாள். சுங்கத்துக்காரன் ஆரஞ்சுப் பழத்தைப் பறிமுதல் பண்ணித் தானே தின்பது மாதிரி.

படிவத்தைக் கிழித்தாள். மூன்று நகலையும் சேர்த்து, நாலாக மடித்து, குப்பைக்கூடையில். கணினியில் நோக்கம்: சுற்றுலா. தங்கும் முகவரி: ரயிலடிக்கு எதிரே உள்ள அந்த விடுதி, இருநூற்று ஒன்றாவது ஆள், எழுத்துக்கூட்டிப் பார்க்காமலே விரல் அடித்தது, அத்தனை தடவை படித்த பெயர். பன்னிரண்டு நாள். முத்திரை. "விலாசம் என்னன்னும்மா போட்டீங்க?" "அது ஆபீஸ் விஷயம்." "பொய் ஒண்ணும்..." "நீங்க எதுவும் பொய் சொல்லல. போங்க." அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைத் துணிப்பைக்குள் வைத்து, வாயை இழுத்துச் சுருக்கி, இரண்டு கையையும் கூப்பினாள், குனியவில்லை, கூப்பினாள், கதவைத் தாண்டி, பெட்டிகள் சுற்றி வருகிற கூடத்துக்குள் போய் மறைந்தாள். மகன் சொன்னதை அவளிடம் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருந்தால் அவளே திரும்பிப் போயிருப்பாளோ? போகவிட்டிருக்க வேண்டுமோ? சொல்லாமல் விட்டது கருணையா, இல்லை சொன்ன பிறகு அந்த முகம் மாறுவதைப் பார்க்கப் பயமா? பயம்தான். கருணை என்று பேர் வைத்துக்கொள்ளலாம், விடுதிக்கு விடுதி என்று பேர் வைத்திருக்கிற மாதிரி. ஆனாலும் உடம்பு லேசாக இருந்தது, பெரிய தர்மம் பண்ணினவள் மாதிரி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, தட்டிக்கொடுக்க ஆளில்லாமல் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறது, சீ, அதுவும் ஒரு அருவருப்பு. கொட்டாவி கதவில் தலையை நீட்டி, "அந்த விலாசம் இல்லாத அம்மா என்ன ஆச்சு?" என்றார். "விலாசம் கிடைச்சிடுச்சு சார்." "சல்... நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்மா", என்று பாதியில் முழுங்கி, வாயைப் பிளந்து, போய்விட்டார்.

தொலைபேசி அடித்தது. உள் எண் இல்லை, வெளி எண், கொஞ்ச நேரத்துக்கு முன் அவளே அழுத்திய எண். எடுத்தாள். பெண் குரல், தாழ்ந்து, அவசரமில்லாமல், "இந்த நம்பர்லேர்ந்து இப்ப ஒரு போன் வந்துச்சு... நான் அவரோட மனைவி பேசறேன். போன வச்சிட்டு மாடிப்படியில போய் உக்காந்திருக்காரு, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. அவங்க வந்திருக்காங்களா?" யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "வந்திருக்காங்க." "அனுப்பிட்டீங்களா?" அனுப்பியாகிவிட்டது, எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி, இந்தப் பெண் எந்தப் பதிலை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், குரலில் ஒன்றும் தெரியவில்லை, பொய்யையும் மெய்யையும் குரலிலேயே பிரித்துவிடுகிறவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "உள்ள விட்டுட்டேன்", என்றாள். அந்தப் பக்கம் ஏதோ குழாய் திறந்திருந்தது, அது நின்றது. "எங்க விலாசம் குடுத்தீங்களா?" "இல்ல. எங்கிட்டயும் இல்ல." "எத்தன நாளுக்கு?" "பன்னெண்டு." "பன்னெண்டு நாள்", அவள் திருப்பிச் சொன்னாள், மருந்துக்காரரிடம் வேளை கேட்டுக்கொள்கிறவள் மாதிரி, அல்லது ஊருக்குப் போனவர் வரும் நாளை எண்ணுகிறவள் மாதிரி, எந்த மாதிரி? கூடத்தில் அந்த அம்மாள் இந்நேரம் பெட்டியை எடுத்திருப்பாள், வெளிக்கதவு தானாகத் திறந்திருக்கும், ஊருக்குள் இறங்கி யார் யாரையோ கேட்டு, இன்றில்லாவிட்டாலும் நாளை, நாளை இல்லாவிட்டால் பத்தாம் நாள், இந்தப் பெண்ணின் வாசலில் வந்து நிற்பாள். அவள் நிற்கப்போவது இந்தப் பெண்ணின் வாசல். மகனைக் கேட்டாள், அந்த அம்மாளைக் கேட்டாள், சட்டத்தைக் கேட்டாள், தன் வயிற்றெரிச்சலைக்கூட ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள், கேட்டிருக்க வேண்டியது ஒருத்தியை, அவள் இதோ லைனில் இருக்கிறாள். "ஒரு நிமிஷம்மா", என்றாள் அவசரமாக, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "உங்களுக்கு..." என்ன வார்த்தை அது, சம்மதமா, பரவாயில்லையா, பதினாறு வருடமாகக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவளுக்கு இந்த ஒரு கேள்வி வாயில் உருவாகவில்லை, யாராவது எப்போதாவது அவளைக் கேட்டிருந்தாலாவது எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்கும். "சரிங்க", என்றது அந்தக் குரல், மரியாதையாக, ஒரு மடிப்பும் கலையாமல், வைத்துவிட்டது.

கதவில் அடுத்த மஞ்சள் சீட்டு நின்றுகொண்டிருந்தது, கணவன் மனைவி, இரண்டு பேர் கையிலும் கோப்பு. உட்காரச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. அந்தச் சரிங்க... எந்தச் சரிங்க அது? வரட்டும் என்கிற சரிங்கவா, போதும் என்கிற சரிங்கவா, இல்லை, ராத்திரி மாத்திரையை எடுத்துக் குடு என்று கணவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து சொல்லும்போது தன் வாயிலிருந்து வருகிறதே, அதுவா? அது என்ன சரிங்க என்று இதுவரை அவளுக்கே தெரியாது, யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ரிசீவர் இன்னும் காதிலேயே இருந்தது.